வாசலுக்கு வரும் கோர்ட்டு சம்மன்: நீலகிரி மக்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நீலகிரியில் சட்ட உதவி வேலையில் இருப்பதால், கோர்ட்டுக் காகிதத்தை நாலாக மடித்துக் கையில் பிடித்தபடி வருகிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன். தேயிலைத் தோட்ட லயன்களிலிருந்து வருவார்கள், படுகர் ஊர்களான ஹட்டிகளிலிருந்து வருவார்கள், கூடலூர் பக்கம் ஜென்ம நில (பழைய ஜமீன் மாதிரியான உரிமை நில) விவகாரத்தில் வருஷக்கணக்காக அலைபவர்களும் வருவார்கள். நிறையப் பேர் வருவது தேதி போன பிறகு. அதைப் பார்க்கும்போதுதான் மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. சம்மன் வந்த வாரமே வந்திருந்தால் ஒரு வக்காலத்தும் (வக்கீலை நியமிக்கும் பத்திரம்) ஒரு வாய்தாவும் போதும். தேதி தப்பிவிட்டால் மனு, பிரமாணப் பத்திரம், எதிர்த் தரப்புக்குச் செலவுத்தொகை என்று அலைச்சல் ஆரம்பித்துவிடும். அவர்கள் கேட்கும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

தபாலில் ஒரு கவர் வந்திருக்கிறது. இது சம்மனா, வெறும் நோட்டீசா?

கோர்ட்டின் பெயர், வழக்கு எண், ஆஜராக வேண்டிய தேதி, நீதிபதி அல்லது அவர் நியமித்த அலுவலரின் கையெழுத்து, கோர்ட்டு முத்திரை இவையெல்லாம் இருந்தால் அது சம்மன். சிவில் வழக்கு என்றால் கூடவே பிராது (வாதி கோர்ட்டில் கொடுத்த வழக்கு மனு) நகலும் இருக்க வேண்டும். நகல் இல்லாமல் சம்மன் மட்டும் வந்திருந்தால், முதல் வாய்தாவிலேயே அதைச் சொல்லி நகல் கேளுங்கள்.

வக்கீலின் லெட்டர்பேடில் வந்தது வக்கீல் நோட்டீஸ். அதற்குப் பதில் போடாததால் மட்டும் உங்களுக்கு எதிராகத் தீர்ப்பு வந்துவிடாது. ஆனால் பின்னால் வழக்கு வரும்போது "நோட்டீஸ் விட்டும் வாயே திறக்கவில்லை" என்று எதிர்த் தரப்பு வாதாடும். செக் திரும்பியதற்காக வந்த நோட்டீஸ் மட்டும் வேறு கணக்கு. அது கையில் கிடைத்த 15 நாளுக்குள் பணத்தைக் கட்டாவிட்டால் கிரிமினல் வழக்குக்கு வழி திறந்துவிடும்.

லோக் அதாலத் அழைப்பு சமரசத்துக்கு. கோர்ட்டில் இருக்கும் வழக்கு அங்கே முடியாவிட்டால் பழையபடி கோர்ட்டிலேயே நடக்கும். தாசில்தார், ஆர்.டி.ஓ. ஆபீசிலிருந்து வரும் விசாரணை அழைப்பும் கோர்ட்டு சம்மன் அல்ல. அதற்காகப் போகாமல் இருந்துவிடாதீர்கள், பட்டா விஷயங்கள் அங்கேதான் முடிவாகின்றன.

வழக்கு எண்ணுக்கு முன்னால் இருக்கும் எழுத்துகளைப் பாருங்கள். ஓ.எஸ். என்றால் சிவில் வழக்கு. சி.சி., எஸ்.டி.சி. என்றால் கிரிமினல், செக் வழக்குகள் பெரும்பாலும் எஸ்.டி.சி. எண்ணில்தான் வரும். எம்.சி. ஜீவனாம்சம். எச்.எம்.ஓ.பி. இந்து திருமண வழக்கு. எம்.சி.ஓ.பி. வாகன விபத்து இழப்பீடு. அப்புறம், எந்த ஊர்க் கோர்ட்டு என்று இன்னொரு தடவை படியுங்கள். ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கூடலூர், பந்தலூர் என்று ஐந்து ஊர்களில் கோர்ட்டு இருக்கிறது. "கோர்ட்டு என்றால் ஊட்டிதானே" என்று பந்தலூரிலிருந்து விடியற்காலை பஸ் ஏறி ஊட்டியில் வந்து நிற்பவர்கள் உண்டு. திரும்பிப் போவதற்குள் பந்தலூரில் அன்றைய வேலை முடிந்திருக்கும்.

சம்மனில் எத்தனை வகை இருக்கிறது?

யாரைக் கூப்பிடுகிறார்கள், எதற்குக் கூப்பிடுகிறார்கள் என்பதை வைத்துப் பிரித்துக்கொள்ளலாம். சிவில் பக்கம் 1908-ஆம் ஆண்டின் சிவில் நடைமுறைச் சட்டம். அதன்படி பிரதிவாதிக்கு வரும் சம்மன், சாட்சிக்கு வரும் சம்மன், ஆவணம் மட்டும் கேட்டு வரும் சம்மன் என்று உண்டு. பிரதிவாதிக்கான சம்மனிலும் எழுவினாக்களை (வழக்கில் முடிவு செய்ய வேண்டிய கேள்விகளை) வகுக்க வரச் சொல்வது ஒன்று, அன்றைக்கே வழக்கை முடிவு செய்ய வரச் சொல்வது இன்னொன்று. இரண்டாவது வகையில் சாட்சிகளையும் ஆவணங்களையும் கையோடு கொண்டுபோக வேண்டும், சம்மனிலேயே அப்படித்தான் எழுதியிருக்கும். புரோ நோட்டுக் கடன் போன்றவற்றுக்கான சுருக்க வழக்கு சம்மன் தனி ரகம்.

கிரிமினல் பக்கம் 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. அதில் எதிரிக்கு, அதாவது குற்றம் சாட்டப்பட்டவருக்கு, ஒரு சம்மன், சாட்சிக்கு ஒரு சம்மன், ஆவணமோ பொருளோ கொண்டுவரச் சொல்லி ஒரு சம்மன். அபராதத்தோடு முடிகிற சின்னக் குற்றங்களுக்கு, நேரில் வராமலே குற்றத்தை ஒப்புக்கொண்டு சம்மனில் குறித்த அபராதத்தை அனுப்பிவிடும் சிறப்பு சம்மனும் இருக்கிறது.

சிவில் சம்மன் வந்துவிட்டது. எத்தனை நாள் அவகாசம்?

சம்மன் கிடைத்த நாளிலிருந்து 30 நாளுக்குள் பதிலுரை (பிராதுக்கு உங்கள் எழுத்துப் பதில்) தாக்கல் செய்ய வேண்டும். அது முடியாவிட்டால் காரணம் பதிவு செய்து 90 நாள் வரை கோர்ட்டு நீட்டிக்கலாம். சாதாரண சிவில் வழக்கில் 90 நாளைத் தாண்டியும் தக்க காரணம் இருந்தால் ஏற்றுக்கொள்ளும் அதிகாரம் கோர்ட்டுக்கு உண்டு என்று 2005-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். வணிக வழக்கு என்றால் 120 நாள்தான், அதற்கு மேல் ஒரு நாள்கூடக் கிடையாது.

பெரும்பாலானவர்கள் இந்த 30 நாளை முதல் வாய்தா தேதியோடு போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். சம்மனில் போட்டிருக்கும் தேதி வேறு, பதிலுரைக்கான கெடு வேறு. அந்தத் தேதியில் வக்கீல் மூலமாக வக்காலத்துப் போட்டுப் பதிலுரைக்கு வாய்தா கேட்டால் போதும். பிரதிவாதி நேரில்தான் வர வேண்டும் என்று கோர்ட்டு தனியாக உத்தரவு போட்டிருந்தாலொழிய, சிவில் வழக்கில் வக்கீல் ஆஜரானாலே நீங்கள் ஆஜரான மாதிரிதான்.

புரோ நோட்டுக் கடனுக்கு வந்த சம்மனில் 10 நாள் என்று போட்டிருக்கிறதே?

சரியாகத்தான் படித்திருக்கிறீர்கள். இது சிவில் நடைமுறைச் சட்டத்தின் ஆணை 37-இன் கீழ் வரும் சுருக்க வழக்கு. இங்கே எதிர்த்து வழக்காடுவது தானாகக் கிடைக்கும் உரிமை அல்ல, கேட்டு வாங்க வேண்டியது. சம்மன் கிடைத்த 10 நாளுக்குள் "நான் ஆஜராகிறேன்" என்று கோர்ட்டில் பதிவு செய்து, நோட்டீஸ் வந்து சேர வேண்டிய விலாசத்தையும் கொடுக்க வேண்டும். அதன் பிறகு வாதி தரப்பிலிருந்து தீர்ப்புக்கான சம்மன் வரும். அது கிடைத்த 10 நாளுக்குள், எதிர்வழக்காட அனுமதி கேட்டுப் பிரமாணப் பத்திரத்தோடு மனுப் போட வேண்டும். இந்த இரண்டு படியில் எது தவறினாலும் வாதி கேட்ட தொகைக்கு அப்படியே தீர்ப்பாகிவிடலாம்.

மகள் கல்யாணத்துக்கும் ஆஸ்பத்திரிச் செலவுக்கும் வெற்று நோட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும். வாங்கிய தொகை ஒன்று, நோட்டில் ஏறிய தொகை இன்னொன்று. அவர்களிடம் சொல்ல நியாயம் இருக்கிறது. அதைச் சொல்லக் கிடைக்கும் வாசல் இந்தப் பத்து நாள்தான்.

வாங்க மாட்டேன் என்று திருப்பி அனுப்பிவிட்டால் வழக்கு நின்றுவிடுமா?

நிற்காது. சம்மன் கொண்டுவரும் கோர்ட்டு ஊழியரான அமீனாவைப் பார்த்ததும் பின்வாசல் வழியாகத் தேயிலைக் காட்டுக்குள் இறங்கிவிடுவது, தபால்காரரிடம் "ஆள் ஊரில் இல்லை என்று எழுதிவிடுங்கள் அண்ணா" என்று கெஞ்சுவது, இதெல்லாம் உங்கள் தலையில் நீங்களே மண்ணை வாரிப் போட்டுக்கொள்கிற வேலை.

தபால் "வாங்க மறுத்தார்" என்ற குறிப்போடு திரும்பினால், சம்மன் முறையாகச் சார்பு ஆகிவிட்டது, அதாவது உங்களிடம் சேர்ந்துவிட்டது, என்று கோர்ட்டு அறிவித்துவிடும். சரியான விலாசத்துக்கு ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்பி, 30 நாளாகியும் அந்த அட்டை திரும்பி வராவிட்டால்கூட அப்படி அறிவிக்க இடமிருக்கிறது. அமீனா நேரில் வந்து நீங்கள் மறுத்தாலோ, தேடியும் நீங்கள் அகப்படாவிட்டாலோ, வீட்டு வெளிக்கதவில் ஒரு நகலை ஒட்டிவிட்டு, வீட்டை அடையாளம் காட்டியவர் யார், யார் முன்னிலையில் ஒட்டினார் என்று எழுதி கோர்ட்டுக்கு அறிக்கை கொடுப்பார். ஜூலை மழையில் அந்தக் காகிதம் ஊறிக் கிழிந்து போயிருக்கலாம். அமீனாவின் அறிக்கையும், தேவைப்பட்டால் அவரை விசாரித்துப் பெறும் வாக்குமூலமும் கோர்ட்டுக்குப் போதும்.

அதிலும் நடக்காவிட்டால் மாற்றுச் சார்பு. கோர்ட்டு வளாகத்திலும் நீங்கள் கடைசியாகக் குடியிருந்த வீட்டிலும் ஒட்டுவார்கள், அல்லது அந்தப் பகுதியில் வரும் நாளிதழில் விளம்பரம் கொடுக்கச் சொல்வார்கள். அந்த விளம்பரத்தை நீங்கள் படித்தீர்களா என்று யாரும் கேட்கப் போவதில்லை. உங்கள் கையில் நேரில் கொடுத்ததற்கு இருக்கும் அதே பலன் சட்டத்தில் இதற்கும் உண்டு.

கிரிமினல் சம்மனில் இன்னும் கடுமை. ஒளிந்துகொள்கிறார் என்று தெரிந்தால் கோர்ட்டு வாரண்ட் போடலாம். வாரண்டுக்கும் தலைமறைவானால் 30 நாளுக்குக் குறையாத கெடு வைத்துப் பிரகடனம், சொத்து ஜப்தி வரை போகும். கோர்ட்டில் நேரில் ஆஜராகச் சொல்லும் சம்மன் தன் கைக்கு வராதபடி தலைமறைவாவதே தனிக் குற்றம். பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டத்தின் 206-ஆம் பிரிவில் அதற்கு 6 மாதம் வரை சிறையோ, 10,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ உண்டு.

சம்மனை வாங்கிக் கையெழுத்துப் போடுவது குற்றத்தையோ கடனையோ ஒப்புக்கொள்வது ஆகாது. "இந்தத் தேதியில் எனக்குக் கிடைத்தது" என்பதற்கு மட்டும்தான் அந்தக் கையெழுத்து. இதை எத்தனை பேரிடம் சொன்னாலும் நம்ப மறுக்கிறார்கள், அதனால் மறுபடி சொல்கிறேன்: கையெழுத்துப் போட்டதால் எந்த வழக்கும் தோற்காது.

நான் திருப்பூரில் வேலையில் இருந்தேன். அம்மா கையெழுத்துப் போட்டு வாங்கிவிட்டார். செல்லுமா?

சிவில் வழக்கில், நீங்கள் வீட்டில் இல்லை, சீக்கிரம் வருவதாகவும் தெரியவில்லை என்றால், உங்களோடு குடியிருக்கும் வயதுவந்த குடும்பத்தார் யாரிடமும் கொடுக்கலாம், ஆணோ பெண்ணோ. கிரிமினல் சம்மனுக்கு 1973-ஆம் ஆண்டின் பழைய சட்டம் வயதுவந்த ஆண் உறுப்பினரிடம்தான் கொடுக்கச் சொன்னது. வீட்டையே நடத்துகிற பெண்ணிடம் ஒரு காகிதத்தைக் கொடுக்கக்கூடாது என்று இத்தனை காலம் வைத்திருந்தார்கள். புதிய சட்டம் அந்த "ஆண்" என்ற சொல்லை எடுத்துவிட்டது. அதனால் அம்மா, மனைவி, அக்கா யார் வாங்கினாலும் செல்லும்.

வேலையாள் குடும்பத்தில் சேர்த்தி இல்லை என்று இரண்டு சட்டமும் தெளிவாகச் சொல்கின்றன. நீங்கள் திருப்பூரிலேயே தனிக்குடித்தனமாகத் தங்கிவிட்டவர் என்றால், அம்மா "உங்களோடு குடியிருப்பவர்" அல்ல என்று வாதிட இடமிருக்கிறது. ஆனால் சம்மன் வந்த விஷயம் போனில் உங்கள் காதுக்கு வந்துவிட்டது அல்லவா? அப்புறம் அந்த வாதத்தைப் பிடித்துத் தொங்காமல் ஆஜராகிவிடுவதுதான் நல்லது.

தோட்ட லயன்களில் இன்னொரு சிக்கல். தபால் மொத்தமாக எஸ்டேட் ஆபீசுக்குப் போய் அங்கே கிடக்கும். ஆபீசில் யாரோ வாங்கி வைத்த கோர்ட்டுக் கவர் வாரம் கழித்துக் கைக்கு வந்தால், கவரை வாங்கிய தேதியை யாராவது சாட்சியோடு குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஹட்டியில் ஒரே பெயரில் நாலு பேர். சம்மன் யாருக்கு?

இது நீலகிரியில் நிஜமான தொல்லை. ஜோகி மகன் பெள்ளி என்று எழுதிக்கொண்டு அமீனா வந்தால், ஊரில் அப்படி இரண்டு மூன்று வீடு இருக்கும். தாத்தா பெயர், வீட்டுப் பெயர் சொன்னால்தான் ஊராருக்கே ஆள் பிடிபடும். சம்மனோடு இருக்கும் பிராதைப் புரட்டிப் பாருங்கள். சர்வே எண், கடன் தேதி, செக் எண், வயது ஏதாவது ஒன்று ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். அது நீங்கள் இல்லை என்றால் அமீனாவிடம் அப்படியே சொல்லி, அவருடைய குறிப்பில் அதை எழுதச் சொல்லுங்கள். பெயருக்கு நேராகக் கண்ணை மூடிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, "அது நான் இல்லை" என்று பின்னால் நிரூபிக்கப் போவது பெரிய பாடு. ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால் கோர்ட்டுத் தேதிக்குப் போய் ஆதார், ரேஷன் அட்டையைக் காட்டிச் சொல்லுங்கள்.

தேதிக்குப் போகவில்லை. எக்ஸ்பார்ட்டி ஆக்கிவிட்டார்களாம். எல்லாம் முடிந்ததா?

முடியவில்லை, ஆனால் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று உடனே பார்க்க வேண்டும். உங்களை ஒருதலைப்பட்சமாக வைத்து உத்தரவு மட்டும் போட்டு, தீர்ப்பு இன்னும் வரவில்லை என்றால், அடுத்த வாய்தாவில் போய் வராததற்கு நல்ல காரணம் காட்டி உள்ளே வர முடியும். தீர்ப்பே வந்துவிட்டது என்றால் ஆணை 9, விதி 13-இன் கீழ் அதை ரத்து செய்ய மனுப் போட வேண்டும். கெடு 30 நாள், தீர்ப்புத் தேதியிலிருந்து. சம்மனே முறையாகச் சார்பு ஆகவில்லை என்றால் தீர்ப்பைப் பற்றி உங்களுக்குத் தெரியவந்த நாளிலிருந்து 30 நாள். கெடு தாண்டினால் தாமதத்தை மன்னிக்கச் சொல்லித் தனி மனு.

இதில் ஒரு நுணுக்கம். சம்மன் கொடுத்த விதத்தில் ஏதோ சின்னக் குறை இருந்தது என்பதற்காக மட்டும் தீர்ப்பு ரத்தாகாது. வழக்குத் தேதி உங்களுக்குத் தெரியும், வந்து பதில் சொல்லப் போதிய நேரமும் இருந்தது என்று கோர்ட்டு கருதினால் மனு தள்ளுபடிதான். நிறையப் பேருக்கு எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு வந்தது தெரிவதே நிறைவேற்று மனு வரும்போதுதான், அதாவது நிலத்தை அளக்கவோ ஜப்தி செய்யவோ ஆள் வந்து நிற்கும்போது. அன்றைக்கே, அதே நாளில், வக்கீலைப் பாருங்கள். உங்கள் 30 நாள் ஓட ஆரம்பித்துவிட்டது.

கிரிமினல் கோர்ட்டு சம்மன் வந்தால் கைது செய்வார்களா?

சம்மன் என்றாலே கைது இல்லாமல் நீங்களாக வந்து ஆஜராகச் சொல்வதுதான். பொதுவாக இரண்டு வருடத்துக்கு மேல் தண்டனை இல்லாத குற்றங்கள் சம்மன் வழக்குகள். அதற்கு மேற்பட்டவை வாரண்ட் வழக்குகள், ஆனால் அவற்றிலும் மாஜிஸ்திரேட் முதலில் சம்மனே அனுப்பலாம். குறித்த தேதியில் காலை பத்து மணிக்கெல்லாம் கோர்ட்டில் இருங்கள். டவாலி பெயர் கூப்பிடும்போது குரல் கொடுக்க ஆள் இருக்க வேண்டும், டீ குடிக்கப் போன நேரத்தில் பெயர் கூப்பிட்டு வாரண்ட் ஆனதும் நடக்கிறது.

ஒவ்வொரு வாய்தாவுக்கும் போக முடியாது என்றால் வக்கீல் மூலம் அன்றைய நாளுக்கு விலக்குக் கேட்கலாம். வக்கீல்கள் அதை இன்னமும் "317 பெட்டிஷன்" என்றே சொல்வார்கள். புதிய சட்டத்தில் அது 355-ஆம் பிரிவு. சம்மன் அனுப்பிய வழக்கில், நேரில் வருவதிலிருந்தே விலக்கு அளித்து வக்கீலை ஆஜராக அனுமதிக்கும் அதிகாரமும் மாஜிஸ்திரேட்டுக்கு உண்டு. வயதானவர்கள், கைக்குழந்தை வைத்திருப்பவர்கள் தயங்காமல் கேளுங்கள்.

வாரண்ட் ஆகிவிட்டால் போலீஸ் வரும்வரை காத்திருக்காமல், அதைத் திரும்பப் பெறக் கேட்கும் ரீகால் மனுவோடு நீங்களே போய் நில்லுங்கள். கோர்ட்டு ரத்து செய்யும்வரை அல்லது நிறைவேற்றும்வரை வாரண்ட் உயிரோடுதான் இருக்கும், பல வருஷம் ஆனாலும் தானாகக் காலாவதி ஆகாது.

செக் வழக்கில் நோட்டீசே வரவில்லை, நேராக சம்மன்தான் வந்தது. என்ன செய்யலாம்?

உங்களுக்கு ஒரு வாசல் திறந்திருக்கிறது. 2007-இல் சி.சி. அலவி ஹாஜி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இது: நோட்டீஸ் கிடைக்கவில்லை என்பவர், கோர்ட்டு சம்மனும் புகார் நகலும் கிடைத்த 15 நாளுக்குள் செக் தொகையைக் கட்டிவிட்டு, கட்டிவிட்டேன் என்று கோர்ட்டில் சொல்லிப் புகாரைத் தள்ளுபடி செய்யக் கேட்கலாம். அந்தப் பதினைந்து நாளில் கட்டாமல் இருந்துவிட்டு, பின்னால் விசாரணையில் "நோட்டீஸ் வரவில்லை" என்று மட்டும் சொல்லித் தப்பிக்க முடியாது.

சாட்சி சொல்ல சம்மன் வந்திருக்கிறது. கூலி போகும், பஸ் செலவு வேறு.

சாட்சியாகப் போகிறவர் குற்றவாளி அல்ல. வாசலுக்குப் போலீஸ்காரர் சம்மனோடு வந்துவிட்டாலே அக்கம்பக்கம் ஒரு மாதிரி பார்க்கிறது, அது எனக்கும் தெரியும். நீங்கள் கண்ணால் பார்த்ததைச் சொன்னால்தான் அடிபட்டவருக்கோ பொய்யாக மாட்டியவருக்கோ நியாயம் கிடைக்கும்.

சிவில் வழக்கில் சாட்சியைக் கூப்பிடுகிற தரப்பு உங்கள் பயணச் செலவையும் படியையும் கோர்ட்டில் கட்ட வேண்டும். இதைப் பேட்டா என்பார்கள், கேட்டு வாங்குங்கள், அது உரிமை. தூரத்துக்கும் ஒரு வரம்பு உண்டு. கோர்ட்டின் எல்லைக்கு வெளியே இருப்பவரை, 100 கிலோமீட்டருக்குள் இருந்தால்தான், அல்லது வழியில் ஆறில் ஐந்து பங்குக்கு ரயிலோ பஸ்ஸோ ஓடினால் 500 கிலோமீட்டருக்குள் இருந்தால்தான் நேரில் வரச் சொல்லலாம். நோயாலோ தள்ளாமையாலோ வர முடியாதவரின் வாக்குமூலத்தை வீட்டுக்கே வந்து பதிவு செய்ய வக்கீல் கமிஷனரை நியமிக்கச் சொல்லிக் கேட்கலாம். படுக்கையில் இருக்கும் பாட்டியை ஜீப்பில் தூக்கிப் போட்டுக்கொண்டு வர வேண்டியதில்லை.

காரணமில்லாமல் போகாவிட்டால் கிரிமினல் கோர்ட்டு 500 ரூபாய் வரை உடனடி அபராதம் போடலாம், வாரண்டும் வரலாம்.

விசாரணையின்போது போலீஸ் ஸ்டேஷனிலிருந்து சாட்சியைக் கூப்பிடுவது இதிலிருந்து வேறு. பெண்கள், 15 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள், 60 வயதைத் தாண்டிய ஆண்கள், மாற்றுத்திறனாளிகள், கடும் நோயாளிகள் ஆகியோரை அவர்கள் குடியிருக்கும் இடத்தில்தான் விசாரிக்க வேண்டும், ஸ்டேஷனுக்கு வரச் சொல்லி வற்புறுத்த முடியாது. புதிய சட்டத்தின் 179-ஆம் பிரிவு அது. ராத்திரி நேரத்தில் "ஸ்டேஷனுக்கு வாம்மா" என்று கூப்பிட்டால், இந்தப் பிரிவைச் சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது.

ஆவணம் கொண்டுவா என்று மட்டும் சம்மன். நானே போக வேண்டுமா?

சிவிலில் ஆவணத்துக்கு மட்டும் என்றால் வேறொருவர் மூலம் தாக்கல் செய்தாலே போதும். கூட்டுறவு வங்கிக்கும் தேயிலைத் தொழிற்சாலை ஆபீசுக்கும் இது அடிக்கடி வரும். கொடுத்ததற்கு ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள்.

வாட்ஸ்அப்பில் சம்மன் வந்தால் செல்லுமா? பணம் கட்டச் சொல்கிறார்களே!

கோர்ட்டு முத்திரையின் உருவம் அல்லது டிஜிட்டல் கையெழுத்துடன் மின்னணு முறையில் சம்மன் அனுப்ப இப்போது சட்டம் இடம் கொடுக்கிறது. போலீசார் புதிய நடைமுறைச் சட்டத்தின் 35-ஆம் பிரிவில் விசாரணைக்கு ஆஜராகச் சொல்லும் நோட்டீஸ் அப்படி அல்ல. அதை வாட்ஸ்அப்பில் அனுப்புவது சட்டப்படியான சார்பு ஆகாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

போனில் வந்த எந்தக் காகிதத்தையும் சரிபார்க்க வழி இருக்கிறது. கோர்ட்டு வழக்குகளைப் பார்க்கும் ஈகோர்ட்ஸ் செயலியில், ஒவ்வொரு வழக்குக்கும் தனியாக இருக்கும் 16 இலக்க சி.என்.ஆர். எண்ணையோ வழக்கு எண்ணையோ போட்டுப் பாருங்கள், அல்லது பக்கத்துக் கோர்ட்டுக்கு நேரில் போய்க் கேளுங்கள். எந்தக் கோர்ட்டும் வீடியோ காலில் வந்து உங்களை அறைக்குள் உட்காரவைத்து "டிஜிட்டல் அரெஸ்ட்" செய்வதில்லை, அப்படி ஒன்று சட்டத்திலேயே கிடையாது. எந்த நீதிபதியும் ஜிபேயில் பணம் கேட்க மாட்டார். வாழ்நாள் சேமிப்பை இப்படி இழந்த ஓய்வு பெற்றவர்களின் கதை மலையிலும் கேட்கிறது. பணம் போய்விட்டால் ஒரு நிமிஷம்கூடத் தள்ளாமல் சைபர் மோசடிக்கான 1930 உதவி எண்ணுக்கு அடியுங்கள்.

கூடலூரில் இருக்கிறேன். சுல்தான் பத்தேரி கோர்ட்டிலிருந்து சம்மன். வேறு மாநிலம்தானே, விட்டுவிடலாமா?

விடக்கூடாது. வேறு மாநிலக் கோர்ட்டின் சம்மன் இங்குள்ள கோர்ட்டுக்கு வந்து, இங்குள்ள சம்மனைப் போலவே சார்பு செய்யப்படும். தபாலிலும் வரலாம். மலையாளமோ கன்னடமோ படிக்கத் தெரியாவிட்டால், தெரிந்தவரிடம் தேதியையும் வழக்கு எண்ணையும் மட்டுமாவது அன்றைக்கே கேட்டுக்கொள்ளுங்கள். குண்டலுப்பேட்டை, மைசூர் கோர்ட்டுக்குப் போகிறவர்கள் பந்திப்பூர் சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும் என்பதைக் கணக்கில் வைத்துக் கிளம்புங்கள்.

வாய்தா அன்றைக்கு மலைப்பாதையில் மண் சரிந்துவிட்டால்?

அது போதிய காரணம்தான், ஆனால் சொன்னால்தான் கோர்ட்டுக்குத் தெரியும். 2009 நவம்பர் மழையில் சாலைகள் துண்டானதை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள், அந்த அளவு இல்லாவிட்டாலும் வடகிழக்குப் பருவத்தில் ஒரு மரம் விழுந்தாலே குன்னூர் பாதையில் அரை நாள் போய்விடும். பஸ் நின்ற இடத்திலிருந்தே வக்கீலுக்குப் போன் செய்து, பெயர் கூப்பிடும்போது சொல்லச் சொல்லுங்கள். வக்கீல் இல்லையென்றால் பாதை திறந்ததும் அதே நாளிலோ மறுநாளோ போய் மனுக் கொடுங்கள். பஸ் டிக்கெட், அடைபட்ட சாலையின் போட்டோ எல்லாம் உதவும். கீழிருந்து சொந்தக் காரில் ஊட்டிக் கோர்ட்டுக்கு வருகிறவர்கள் இ-பாஸ் எடுத்துக்கொள்ளுங்கள். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. அரசு பஸ்ஸில் வந்தால் தேவையில்லை.

இறந்துபோன அப்பா பெயருக்கு சம்மன் வந்திருக்கிறது.

மனசுக்குக் கஷ்டம்தான், ஆனாலும் திருப்பி அனுப்பியதோடு விட்டுவிடாதீர்கள். அமீனாவிடம் இறந்த தேதியைச் சொல்லி எழுதச் செய்து, இறப்புச் சான்றிதழ் நகலைக் கோர்ட்டில் சேர்ப்பியுங்கள். வழக்குப் போடும் முன்பே இறந்தவர்மேல் வழக்கு நடத்த முடியாது. வழக்கு நடக்கும்போது இறந்திருந்தால், வாரிசுகளைச் சேர்க்க வாதிக்கு 90 நாள் கெடு. அப்படிச் சேர்த்தால் அடுத்த சம்மன் உங்கள் பெயரிலேயே வரும், அதை வாங்கிக்கொள்ளுங்கள்.

மகன் ராணுவத்தில் இருக்கிறான். குன்னூர் பக்கத்து வெலிங்டன் ராணுவ முகாமுக்கு சம்மன் போகுமா?

சிவில் சம்மன் அவருடைய கமாண்டிங் ஆபீசருக்குப் போகும், அவர் வழியாகக் கைக்கு வரும். ரயில்வே ஊழியருக்கும் அரசு ஊழியருக்கும் ஆபீஸ் தலைவர் மூலம் அனுப்பலாம்.

வக்கீல் வைக்க வசதியில்லை. யாரிடம் போவது?

ஊட்டியில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவும், மற்ற கோர்ட்டு வளாகங்களில் வட்ட சட்டப் பணிகள் குழுவும் இருக்கின்றன. 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்கள், குழந்தைகள், மாற்றுத்திறனாளிகள், தொழிலாளர்கள், காவலில் இருப்பவர்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் எல்லாருக்கும் இலவச வக்கீல் உண்டு, வருமானத்தைப் பார்க்க மாட்டார்கள். தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய ஆறு சமூகங்களும் இதில் வந்துவிடும். படுகர்கள் பழங்குடிப் பட்டியலில் இல்லை, ஆனால் படுகப் பெண்கள் பெண்கள் என்ற வகையிலேயே வருவார்கள். மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. 15100 என்ற எண்ணுக்குக் காசில்லாமல் போன் செய்யலாம்.

வரும்போது சம்மன், பிராது நகல், ஆதார் எல்லாவற்றோடும் அந்தத் தபால் கவரையும் தூக்கி எறியாமல் கொண்டுவாருங்கள். அதில் இருக்கும் தபால் முத்திரைத் தேதியை வைத்துத்தான் உங்களுக்கு இன்னும் எத்தனை நாள் மிச்சமிருக்கிறது என்று நாங்கள் கணக்குப் பார்க்க வேண்டும்.